பால் மங்கு சுட்ட ஊர்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன், ஜோகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே போய்வந்த எல்லாருக்கும் ஆயர் ஹீத்தாம் தெரியும். பஸ் நிற்கும், சாப்பிடுவோம், அம்மாக்கள் சாலையோரக் கடையில் ஒரு பூச்சாடி வாங்கி ஊர் போய்ச் சேரும்வரை மடியிலேயே வைத்திருப்பார்கள். ஊருக்குப் பெயர் கறுப்புத் தண்ணீர். பிழைப்பு என்னவோ வெளிர் மண்ணில்.

குளுவாங்கில் ஒரு நிகழ்ச்சிப் பதிவு முடிந்தது. மறுநாள் காலை ரயில் நிலையக் காப்பியைக் குடித்துவிட்டுப் பழைய சாலையில் மாச்சாப் பக்கம் போனேன். ஆவ் பாட்டரி அங்குதான் இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த ஆவ் எங் குவாங் என்ற குயவர் தொடங்கியது. அங்கே பார்க்க வேண்டியது டிராகன் சூளை. மேட்டில் ஏறும் நீண்ட செங்கல் சுரங்கம் அது. கீழ் வாயில் தீ மூட்டினால் அனல் தானாக மேலே ஏறும். பக்கவாட்டுத் துளைகள் வழியாக விறகைப் போட்டுக்கொண்டே வருவார்கள். உள்ளே வெப்பம் 1,200 டிகிரியைத் தாண்டும். பறக்கும் சாம்பல் பாண்டத்தின் மேல் படிந்து உருகி, அதுவே மெருகாகிவிடும்.

இந்தச் சூளைகளுக்குச் சோறு போட்டது பூச்சாடி மட்டுமல்ல, ரப்பர் தோட்டமும்தான். ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் பால் மங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். சிங்கப்பூரில் 1940இல் கட்டிய தவ் குவாங் சூளையிலும் அதே வேலைதான். விடிவதற்கு முன் நம் பாட்டிகள் மரத்துக்கு மரம் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்த மங்குகள் இப்படிப்பட்ட சூளைகளில் வெந்தவை. பால் வெட்டைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். மங்கைச் செய்தவர் யார் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. பொங்கல் பானைக்குக் கோல சிலாங்கூர் குயவர்களைத் தேடிப் போகும் நாம், தினமும் கையில் எடுத்த மங்குக்கு அதைச் செய்யவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மங்கும் பிளாஸ்டிக் ஆனது.

அதே வட்டாரத்தில் ஒரு சிறிய பட்டறை. முப்பது வயதைத் தாண்டாத சீனப் பெண் பீங்கான் வனைந்துகொண்டிருந்தார். சாதாரணக் களிமண் சொன்னபடி கேட்கும். பீங்கான் மண் கேட்காது. கயோலின் என்ற வெள்ளை மண் கலந்த இந்தக் கலவை, வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி. கொஞ்சம் தண்ணீர் கூடினால் சக்கரத்திலேயே உட்கார்ந்துவிடும். காய்ந்து வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும்.

“இதுக்கு ஞாபகம் அதிகம்,” என்றார் மலாயில். ஈரமாக இருக்கும்போது விளிம்பு லேசாக நசுங்கினால், சரிசெய்துவிடலாம். நேராகத்தான் தெரியும். சூளைக்குள் போனதும் பழைய நசுங்கல் திரும்ப வந்து நிற்குமாம். அதனால் கை பட்ட குவளையைத் திருத்தாமல் மறுபடி மண்ணாக்கிவிடுகிறார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஆறு வனைந்தார். பலகையில் ஏறியது இரண்டு.

வானொலிக்காரருக்குக் காது சும்மா இருக்காது. வெந்த குவளைகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். நல்லது மணி மாதிரி இழுத்து ஒலித்தது. ஒன்று மட்டும் ‘டொக்’. கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று அதை வாங்கித் தனியே வைத்தார்.

அவர் தூரிகை கழுவும் தண்ணீர் இருந்தது ஒரு பழைய பால் மங்கில். உள்ளே மெருகு, வெளியே சொரசொரப்பு. எங்கள் வீட்டில் இதற்கு மங்கு என்று பெயர் என்றேன். “மங்கோக்!” என்று சிரித்தார். விற்கமாட்டாராம்.

அறுபது வெள்ளிக்கு ஒரு வெள்ளைக் குவளை வாங்கினேன். விலை அதிகம் என்று நினைப்பவர்கள், மண்ணாகத் திரும்பிய அந்த நான்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பாட்டி குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். குவளையைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் விரலை ஒருமுறை சுற்றவிட்டார்.

“கட்டிப்பால் ஒட்டாது. உரிச்சா முழுசா வரும்,” என்றார்.

இப்போது அதில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருக்கிறார்.