வாயும் வயிறுமாய் ஒரு போட்டோ

வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணைப் படம் எடுத்தால் கண்ணு பட்டுரும் என்பார்கள் எங்கள் வலையபட்டிப் பக்கத்து ஆயாமார். இப்போது வளைகாப்பு முடிந்த கையோடு, வயிற்றைக் காட்டி வெளியில் போட்டோ ஷூட்.

அமெரிக்காவிலும் இது லேசில் வந்துவிடவில்லை. 1991 ஆகஸ்ட் ‘வேனிட்டி ஃபேர்’ அட்டையில் ஏழு மாதக் கர்ப்பிணியாக நடிகை டெமி மூர் வந்தபோது, சில கடைகள் இதழைத் தாளில் சுற்றித்தான் விற்றன. அந்தப் படத்தை எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ் என்ற பெண்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த போட்டோ ஷூட்டுக்குத் தோதான இடம்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் செம்மண் பாதையில் விழும் வெளிச்சத்துக்கு எந்த லைட்டும் ஈடாகாது. ஆனால் ஊருணிப் படிக்கட்டில் பாசி இருக்கும், ஈரம் பட்ட ஆத்தங்குடிக் கல் வழுக்கும். தரையில் புரளும் கவுனைவிட நூல் சேலை உத்தமம். ஹீல்ஸ் வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் உட்கார நாற்காலியும் கட்டாயம். மல்லாந்து படுத்து போஸ் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஏழு, எட்டாம் மாதம்தான் சௌகரியம். அதற்கும் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், போட்டோகிராபரிடம் அப்புறம் தேதி வாங்கலாம்.