மிதி சொல்லும் செய்தி

உடலின் நலத்தை நாடி உரைப்பது போல, ஊர்தியின் நலத்தை அதன் பிரேக் மிதி உரைக்கும். அதைக் கேட்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும்.

எங்கள் பழைய மாருதி 800 காரின் மிதி ஒருநாள் இலவம்பஞ்சுத் தலையணை போல் அமுங்கியது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பின்னரே இறுகியது. அடுத்த வாரம் முதியவர்களான அத்தாவையும் அம்மாவையும் ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்வதாக இருந்தோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி இறங்க வேண்டிய மலைப்பாதை அது.

பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்த மாத்திரத்திலேயே, "மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுங்கள்" என்றார். அனுபவம் மிக்க மற்றொரு பெரியவரோ மிதியை அழுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். அது கீழே இறங்கவில்லை. "மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். மிதிக்க மிதிக்க இறுகினால், குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது பின்சக்கரப் பிரேக் கட்டைகள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும்" என்றார். பின்சக்கர டிரம்மைக் கழற்றினார். வீல் சிலிண்டரின் ஓரம் ஈரமாயிருந்தது. எண்ணெய் கசிந்த வழியே காற்றும் நுழைந்திருந்தது. அந்தச் சிலிண்டரையும் எண்ணெய் ஊறிய கட்டைகளையும் மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றிச் சக்கரம் சக்கரமாகக் காற்றை வெளியேற்றினார். மிதி கல்லென நின்றது.

இதன் அடிப்படை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியே. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும். திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். கால் தரும் விசையைக் காற்றுக் குமிழே விழுங்கிவிடும்.

பிரேக் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் இயல்பும் உண்டு. புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 140 பாகையளவுக்குச் சரியக்கூடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். மிதித்த கால் வெறுமையில் இறங்கும். எனவே எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது சிக்கனத்திற்கு மாறானதன்று, உயிர்க்காப்பு.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தருக என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. அது பட்டறைக்கும் பொருந்தும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. பயணத்திற்கு முன் துஆச் செய்யும் நாம், மிதியையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்போமாக!