தலைவலித் தைலமும் பிளந்த கோபுரமும்

மேற்குத் தொடர்ச்சி மலை, ஆரியங்காவுப் பக்கம் சற்றே தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அதன் காற்றும் மிச்சச் சாரலும் அந்த வழியாகத்தான் தென்காசிக்கு வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் ஜூன், ஜூலையில் இங்கே வானம் மூடியிருக்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில் அருவி கொட்டும். இந்தக் காற்றின் வேகத்தை அறிய, காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நின்றால் போதும். உள்ளே நுழைகிறவரின் சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் படபடக்க, பூக்காரியின் கூடையிலிருந்து ஒன்றிரண்டு பூ பறந்துபோகும்.

அந்தக் கோயிலைக் கட்டியவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியர். 14ஆம் நூற்றாண்டில் மதுரை கைவிட்டுப் போனபின் பாண்டியர் தெற்கே ஒதுங்கினர். கடைசிக் காலத்தில் அவர்களுக்குத் தலைநகராக அமைந்தது தென்காசி. காசிக்குப் போக முடியாத தென்னாட்டு அடியவர்களுக்காக இங்கேயே கோயில் எழுப்பும்படி சிவன் கனவில் சொன்னதாகவும், சாரை சாரையாகப் போன எறும்புகளைப் பின்தொடர்ந்த அரசர் சிற்றாற்றங்கரையில் லிங்கத்தைக் கண்டதாகவும் தலபுராணம் சொல்கிறது. கல்வெட்டின் கணக்கு வேறு வகையானது. 1446இல் தொடங்கிய திருப்பணி 17 ஆண்டுகள் நடந்தது. கோபுர வேலை முடியுமுன் 1463இல் அரசர் காலமாக, அவருக்குப் பின் வந்த குலசேகர பாண்டியர் அதை முடித்தார்.

அரசர்கள் கல்வெட்டில் வழக்கமாகத் தங்கள் வெற்றிகளைத்தான் பொறிப்பார்கள். பராக்கிரம பாண்டியர் பொறித்தவற்றில் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகறிய அவரைப் பணிவதாக அவர் செய்யுளில் எழுதி வைத்தார். முடிசூடிய ஒருவர், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரை முன்கூட்டியே வணங்கியிருக்கிறார். சரிந்துவரும் அரசின் கடைசித் தலைமுறைகளில் ஒன்றைச் சேர்ந்தவருக்கு, தன் குலம் இதைக் காக்கும் என்ற நம்பிக்கை குறைவாகவே இருந்திருக்க வேண்டும்.

அவர் அஞ்சியது நடந்தது. 1824இல் கோபுரம் தீக்கிரையானது. மேல்நிலைகள் அழிந்து, நடுவே பிளந்த கோலத்தில் அது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்றது. தென்காசியில் நான்கைந்து தலைமுறை அந்தப் பிளவைப் பார்த்தே வளர்ந்தது. 1980களில் திருப்பணி தொடங்கி, பழைய கல்தளத்தின்மேல் ஒன்பது நிலைகள் எழுந்து, 1990 ஜூனில் குடமுழுக்கு நடந்தது. இன்றுள்ள கோபுரத்தின் உயரம் சுமார் 180 அடி; கருங்கல் பகுதி மட்டுமே பாண்டியர் காலத்தது.

தென்காசிப் பாண்டியர் நாட்டை இழந்தாலும் ஏட்டை விடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் 'நைடதம்' பாடியவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த 'வெற்றிவேற்கை'யும் அவருடையதே.

குற்றாலத்துக் கோயிலின் கதை இன்னும் விசித்திரம். குற்றாலநாதர் முதலில் திருமாலாக இருந்தார் என்றும், வைணவர்கள் உள்ளே விடாததால் அகத்தியர் வேடம் மாறி நுழைந்து, நின்ற திருமேனியைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்றும் தலபுராணம் கூறுகிறது. அழுத்தியதில் இறைவனுக்கு வந்த தலைவலி இன்னும் தீரவில்லையாம்; அதற்காகவே அவருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். அருவிக் குளிரில் அவருக்குச் சளி பிடிக்காமலிருக்கக் கஷாயமும் படைக்கிறார்கள். சைவ, வைணவப் பிணக்கின் நினைவு இப்படிக் கைவைத்தியமாக மாறிய கோயில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. கோயிலின் அமைப்பும் சங்கு வடிவில் இருப்பதாகச் சொல்வார்கள். திருஞானசம்பந்தர் இங்கே இறைவனுக்கு ஒரு பதிகமும், தலமரமான குறும்பலாவுக்குத் தனியே இன்னொரு பதிகமும் பாடியிருக்கிறார்.

நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை, கோயிலுக்கு வெளியே தனியாக நிற்கிறது. சிதம்பரத்துப் பொன்னுக்கும் மதுரை வெள்ளிக்கும் ஈடாக இங்கே இருப்பது வண்ணம்தான். உள்ளே உலோகத் திருமேனி கிடையாது. சுவரில் எழுதிய ஓவியமே மூலவர்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய 'குற்றாலக் குறவஞ்சி'க்கு மதுரை நாயக்க அரசர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. ஒரு நூலின் பெயரில் வயல் இருப்பது தமிழகத்தில் அரிது. பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறிய ரசிகமணி டி.கே.சி. அந்நூலை ஊர் ஊராகப் பேசிப் பரப்பினார். 1944இல் கலாக்ஷேத்ரா அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் சாரலை வேறு கண்ணால் பார்த்தது. கிராம்பும் சாதிக்காயும் அதுவரை டச்சுக்காரர் கையிலிருந்த மொலுக்கா தீவுகளின் சரக்கு. அந்தத் தீவுகளை 1796இல் பிரிட்டிஷார் பிடித்தார்கள். விரைவில், 1800 வாக்கில், குற்றாலத்து வாசனைப்பயிர்த் தோட்டத்தில் கிராம்பு நடப்பட்டது. இந்தியாவுக்குக் கிராம்பு வந்தது இந்த வழியாகத்தான் என்று தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. ஈரமும் நிழலும் கொண்ட மலையடிவாரம் அதற்குப் பிறந்த மண்போலவே வாய்த்தது. அங்கே தேறிய பயிர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூருக்கும் பரவியது.

1830களில் கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் இந்தக் காடுகளில் செடிகளைச் சேகரித்தார். உலர்த்தி ஒட்டிய அவருடைய பல மாதிரிகளில் குற்றாலத்தின் பெயர் இருக்கிறது. 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய பெரும் படநூலில் 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உண்டு. இலை நரம்பையும் பூவின் உள்ளறையையும் அவருக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள்.

தென்காசி 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சீசன் நாளில் பேரருவியில் குளித்துத் தலை துவட்டியபடி திரும்புகிறவர்கள், கடைவீதியில் கருஊதா மங்குஸ்தானைக் கையில் உருட்டிப் பார்த்து விலை கேட்கிறார்கள். கிராம்பைப் போல அதுவும் கீழைத்தீவுகளின் பழம். கடைக்காரர் அதைக் குற்றாலத்துப் பழம் என்றுதான் சொல்லி விற்கிறார்.