வெறுங்காலுக்குக் கிட்டடியில்

இந்த நாட்டில் வந்திறங்கும் குடும்பம் முதற் கிழமையிலேயே வாங்கவேண்டியவற்றுள் சப்பாத்தும் ஒன்று. குளிருக்கு ஒரு சோடி, வேலைக்கு ஒரு சோடி, பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புக்கு வேறொரு சோடி. ஒரு சோடி பாட்டாவோடு ஊரெல்லாம் திரிந்த எமக்கு இது பெருஞ்செலவுதான். ஆனால் காசைவிடக் காலுக்குத்தான் கஷ்டம் அதிகம். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகன்று, விரல்கள் விரிந்திருக்கும். கடைச் சப்பாத்தோ முன்னால் ஒடுங்கி வரும். பெருவிரலும் சின்னவிரலும் நெரிபட, "போடப் போட இளகிவிடும்" என்று ஆரோ சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வருகிறோம்.

நான் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறேன். எட்டு மணிநேரமும் இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்துத்தான். பச்சை முக்கோண முத்திரை உள்ள அந்தச் சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் வைத்தியர். தினமும் நடக்கவும், முடிந்தால் ஓடவும் சொன்னார். தடித்த அடியுள்ள ஓட்டச் சப்பாத்தோடு ஓடினேன், முழங்கால் முறையிட்டது. அப்போதுதான் என்னோடு வேலை செய்யும் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் தன்னுடைய மெல்லிய சப்பாத்தைக் காட்டினார். சுருட்டிப் பைக்குள் வைக்கலாம் போலிருந்தது. வழக்கமான ஓட்டச் சப்பாத்தில் குதிக்கால் பக்கம் விரற்பக்கத்தைவிட ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். இதிலே இரண்டும் ஒரே மட்டம். அடியும் சில மில்லிமீற்றர்தான். விரல்கள் விரிய முன்பக்கத்தில் தாராளமாக இடம்.

இது ஏதோ புதினம் அல்ல. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மரதன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலக சாதனையோடு தங்கப் பதக்கம் பெற்றார். எங்கள் ஊர்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாங்கள் ஓடியதும் வெறுங்காலோடுதானே! மேற்கு நாடுகளில் இது பெரிய மோகமானது 2009இல் கிறிஸ்தோபர் மக்டூகல் எழுதிய 'போர்ன் டு ரன்' என்ற நூலுக்குப் பிறகு. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் பேராசிரியர் டானியல் லீபர்மன் குழுவினர், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதையும், அதனால் மோதும் விசை குறைவதையும் 'நேச்சர்' இதழில் எழுதினர்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஓடிப்போய் வாங்கவேண்டாம். அதே பிக்கிலா 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி, ரோமில் எடுத்ததைவிட மூன்று நிமிடம் குறைவாக எடுத்துத் திரும்பவும் வென்றார். ஐந்து விரல் சப்பாத்துச் செய்யும் விப்ரம் நிறுவனம், உடல்நலப் பலன்களை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கைத் தீர்க்க 2014இல் 37.5 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, குற்றத்தை ஏற்கவில்லை. 2013இல் வந்த ஒரு ஆய்வில், பத்து வாரத்தில் இந்தச் சப்பாத்துக்கு மாறிய ஓட்டக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் பாத எலும்பில் நோவின் அறிகுறி தெரிந்தது.

ஆகவே நான் அவசரப்படவில்லை. முதல் மாதம் வீட்டுக்குள்ளும் பஸ் தரிப்பு வரையும் மட்டும். பிறகு பூங்காப் புல்லில் ஐந்து நிமிட ஓட்டம், ஒருநாள் விட்டு ஒருநாள். சிறு எட்டு, கால் உடம்புக்கு நேர் கீழே விழவேண்டும். கெண்டைக்கால் இரண்டு கிழமை கல்லாய் இறுகிக் கிடந்தது. அது தசை நோ, போய்விடும். பாதத்தின் மேற்பக்கத்தில் ஒரே இடத்தில் குத்தினால் நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆறு மாதத்தில் மூன்று கிலோமீற்றர் ஓடினேன். முழங்கால் சத்தம் போடவில்லை. எனக்குச் சரிவந்தது என்றுதான் சொல்கிறேன். அதைவிட, காலடியில் புல்லும் சரளையும் ஈரமும் தெரிய நடப்பது மனதுக்கு இதமாக இருந்தது. பனிக்காலத்தில் மட்டும் தொடுவதில்லை. அந்த அடியால் குளிர் நேரே எலும்புக்கு ஏறும்.

வாங்குபவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். தாள் மடங்காமல் உள்ளே கிடந்தால் சரி. எந்தச் சப்பாத்துக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, இது உதவும்.

போன வருடம் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். இருபது வருடமாகச் சலரோகம். என்னுடைய சப்பாத்தை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கும் இப்பிடி ஒண்டு வாங்கித் தா. வெறுங்காலோட வயலும் வரம்பும் திரிஞ்சவள் நான், இந்தப் பாரச் சப்பாத்து எனக்கு ஏலாது" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பாத வைத்தியர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் இழையொன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டபோது, வலது பாதத்தில் மூன்று இடங்களில் அம்மா பேசாமல் இருந்தார். அவருக்குத் தொட்டதே தெரியவில்லை.

மெல்லிய சப்பாத்தின் முழு வித்தையும் பாதத்தின் உணர்வில்தான் இருக்கிறது. கல்லு மிதிபட்டால் கால் தானாக விலகும், நொந்தால் மெதுவாகும். அந்த உணர்வு செத்த பாதத்துக்குக் குத்திய முள்ளும் தெரியாது, புண் வந்ததும் தெரியாது. சலரோகக்காரர் வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்கக்கூடாது என்பது அதனால்தான். எமது சனத்தில் இந்த நோய் வீட்டுக்கு வீடு இருப்பதால் இதைத் திரும்பத் திரும்ப எழுதலாம்.

அம்மாவை இணங்க வைக்க ஒரு கிழமை பிடித்தது. வீட்டுக்குள் செருப்புப் போடுவதா என்பதுதான் அவருக்குப் பெரிய வழக்கு. இப்போது முன்பக்கம் அகன்ற, அடி தடித்த சப்பாத்து வெளியே போக. உள்ளே நடக்க மூடிய செருப்பு ஒன்று. சுவாமி அறைக்கு மட்டும் தடித்த கால்மேசு. இரவில் மகள் பாட்டியின் காலடியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிக்கிறாள். அம்மா குனிந்து விரலிடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, போய்ப் படு" என்கிறார்.