வீட்டில இருந்தா யார் காசு தருவாங்க?

எங்கட பக்கத்தில "தொழிலுக்குப் போறது" என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கடலுக்குப் போறது. டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போவா, கிளார்க் ஒபிசுக்குப் போவார், மேசன் வேலைக்குப் போவார். தொழிலுக்குப் போறவர் மீன்பிடிக்கிறவர் மட்டும்தான். காற்று கூடினா "இண்டைக்குத் தொழில் இல்ல" என்பார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் கவலையும் தெரியாது, லீவு கிடைத்த சந்தோசமும் தெரியாது. மழை பெய்யுது என்று சொல்ற மாதிரித்தான் சொல்வார்கள்.

உச்சமுனை எங்கே இருக்கு என்று கெம்பஸில் கேட்கிறவர்களுக்கு நான் கற்பிட்டியிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் புத்தளம் களப்பு, நடுவில் வடக்குப் பார்த்து நீண்டு கிடக்கிற நிலம் கற்பிட்டி. அதுக்கும் அங்கால போட்டில் ஏறிப் போனால் வாற மணல் திட்டுத்தான் உச்சமுனை. டொல்பின் பார்க்க வாறவர்களும் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்க வாற வெள்ளைக்காரர்களும் அந்தப் பக்கத்தை அழகு என்பார்கள். அழகுதான். என் மாமா வீடு அங்கேதான். வாசலில் நின்றால் கடல், கொல்லைப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தால் களப்பு. பாண் வாங்க, டொக்டரிடம் போக, பேங்குக்குப் போக, எல்லாத்துக்கும் தண்ணீரைக் கடக்கவேணும்.

இன்னொரு விசயத்தையும் சொல்லவேணும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. மேற்குக் கரையில் கடல் மோசமாக இருப்பது மாரியில் இல்லை. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் கச்சான் அடிக்கும், அப்பத்தான் வெளிக்கடல் பக்கம் தலை வைக்க முடியாது. வாடைக்காற்று தொடங்கினால் மழை இருக்கும், ஆனால் கடல் ஓரளவு படிந்து கிடக்கும். தொழில் காலமே அதுதான். கச்சான் காலத்தில் பட்ட கடன் எல்லாம் மாரியில்தான் கழியும். அதனால மாரியில் ஒரு புயல் வந்தால் அது சம்பாதிக்கிற மாதத்தைத்தான் வெட்டுது.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த டிட்வா அப்படித்தான் வெட்டியது. (அந்தப் பெயரைக் கொடுத்தது யேமன். சொகோத்ரா தீவில் இருக்கிற ஒரு களப்பின் பெயராம். களப்புக்காரரான எங்களைத் தேடி ஒரு களப்பின் பெயரே வந்திருக்கு.) வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தது. 28ஆம் திகதி புயல் கிழக்குக் கரையில் ஏறியது. அன்றைக்கு அரச ஊழியர்களுக்கு விசேட விடுமுறை, அத்தியாவசிய சேவைகளைத் தவிர. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போன புயல் அது. மலையகத்தில் வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் நான் இங்கே எழுதப்போறது சின்ன விசயம். ஆனாலும் இந்தச் சின்ன விசயம் ஒவ்வொரு வருசமும் நடக்குது, யாரும் எண்ணுறதில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில், கற்பிட்டியில், எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தோம். அக்கா கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. கிழமையில் ரெண்டு நாள் ஒபிஸ், மூன்று நாள் வீட்டிலிருந்து. புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பனி மெயில் அனுப்பியது: மறு அறிவித்தல் வரைக்கும் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். நான் கெம்பஸ் மூடி ஊருக்கு வந்திருந்தேன். மாமி பிள்ளைகளோடு போட்டில் உச்சமுனையிலிருந்து வந்து சேர்ந்தா. மாமா போட்டைக் கரையில் உயர ஏற்றிக் கட்டிவிட்டு, என்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசியாக வந்தார்.

ரேடியோ "வீடுகளிலேயே பாதுகாப்பாக இருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மாமாவின் வீட்டுக்கு அந்த வசனம் பொருந்தாது. அந்த மணலில் வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. ஆபத்திலிருந்து வெளியே வரவும் அதே தண்ணீரைத்தான் கடக்கவேணும், அதுவும் காற்று ஏறும் முன்னம். முந்தின நாளே முடிவு எடுக்கவேணும். முந்தின நாள் என்பது வானம் இன்னும் வெளிச்சமாக, கடல் இன்னும் தொழிலுக்குத் தோதாகத் தெரிகிற நாள்.

அக்கா அறைக்குள் இருந்து மீட்டிங்கில் கதைத்துக்கொண்டிருந்தாள். மாமா கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"அவ இப்ப வேலையிலயா இருக்கா?"

"ஓம் மாமா. வீட்ல இருந்து வேலை."

"அப்ப வீட்ல இருந்தாலும் சம்பளம் போடுவாங்களா, மகள்?"

"போடுவாங்க."

"வெட்ட மாட்டாங்களா?"

"இல்ல மாமா."

அவர் பொறாமைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கணக்கு விளங்காத ஒருவர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். போறதுக்குத்தான் காசு என்று நாற்பது வருசமாக வாழ்கிற மனுசனுக்கு, போகாமல் இருக்கிற நாளுக்கும் காசு என்பது உண்மையிலேயே புதுக் கணக்கு.

வீட்டிலிருந்து வேலையா, ஒபிஸ் போற வேலையா என்று எங்கட வயதுக்காரர் நிறையக் கதைக்கிறோம். பஸ்ஸில் நசிபடத் தேவையில்லை, மெனேஜரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் தனிமை, ஆனால் வேலை நேரம் முடியிறதே இல்லை... இது எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கதை முழுக்க ஒரு விசயத்தை மறைத்து வைத்திருக்கு. வெளியே போகமுடியாத நாளின் செலவு யார் தலையில் விழுது? அக்காவின் விசயத்தில் கம்பனியின் தலையில். அரச ஊழியருக்கு விடுமுறை என்றால் அரசாங்கத்தின் தலையில். மாமாவுக்கு அவர் தலையிலேயே. வேலையை லப்டொப்பில் கொண்டுவர முடியுமா என்பது ரெண்டாவது கேள்வி. அரச விடுமுறையில் இருந்த கிளார்க் அன்றைக்கு எந்த வேலையையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, சம்பளம் மட்டும் வந்தது.

மாமி இதில் இன்னொரு ரகம். அவ எப்பவுமே வீட்டிலிருந்துதான் வேலை. கருவாடு. மீனை வெட்டி, உப்புப் போட்டு, வீட்டு முன்னால பாயில் காயவைப்பா. பயணம் இல்லை, பஸ் இல்லை, மெனேஜரும் இல்லை. ஆனால் வெயில் வேணும். ரெண்டு நாள் தொடர்ந்து மழை என்றால் உப்புப் போட்ட மீன் நாறத் தொடங்கும், புழு வைக்கும். புயலுக்கு முன்னம் போட்ட மீனை அவ வீசிவிட்டுத்தான் வந்தா. அவவின் ஒபிஸ் முற்றம். முற்றம் நனைந்தால் ஒபிஸ் பூட்டு.

என் கதையையும் சொல்லிவிடுறன். புயல் போன அடுத்த கிழமை ஒரு பாடத்துக்கு சூமில் லெக்சர் வைத்தார்கள். கெம்பஸ் வரத் தேவையில்லை என்று சலுகை மாதிரித்தான் அறிவித்தார்கள். கரண்ட் வரும், போகும். சிக்னல் ஒரு கோடு. கூரையில் ஏறாத குறையாக ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லெக்சர் முடியும்போது அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து லைன் போயிட்டுது. எண்பது வீதம் இருக்கவேணும் என்பது விதி. கெம்பஸ் போற பஸ்ஸில் நான் ஒருநாளும் இவ்வளவு களைத்ததில்லை. வீட்டிலிருந்து வேலை என்றால் பயணம் இல்லை என்று யார் சொன்னது? எங்களைப் போன்ற ஊரில் சிக்னலைத் தேடுறதே ஒரு பயணம்.

இந்த நாடு வீட்டிலிருந்து வேலையைப் பழகின வருசங்களை யோசித்துப் பாருங்க. கொரோனாவை விடுவோம். 2022 ஜூனில் எரிபொருள் இல்லை என்று அத்தியாவசியமில்லாத அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். பெற்றோல் வரிசையில் நிற்கத் தேவையில்லாமல் கொஞ்சப் பேருக்காவது அது நிம்மதி. அதே வருசம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மாமாவின் போட் என்ஜின் ஓடுறது மண்ணெண்ணெயில். ஒரு பக்கம் ஒபிஸ் பயணத்துக்கு மாற்று வழி தேடிக் கொடுத்தார்கள். தொழிலுக்குப் போற பயணத்தின் விலை ஒரே இரவில் நாலு மடங்கு ஆனது.

போகாமல் இருக்க வசதி இல்லாதவர்கள்தான் மோசமான நாளிலும் போறது. டிட்வா நேரம் எல்லோரும் பார்த்த வீடியோ ஒன்று இருக்கு: கலா ஓயாப் பாலத்துப் பக்கம் வெள்ளத்தில் மாட்டின பஸ். சுமார் 70 பேர் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக் கூரையில் ஏறி நின்று, மணித்தியாலக் கணக்காகக் காத்திருந்து, கடற்படை வந்து மீட்டது. கமெண்டில் "இந்த மழைக்குள்ள ஏன் வெளிக்கிட்டாங்க" என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு அதை வாசிக்க எரிச்சலாக இருந்தது. கிளினிக் திகதி இருந்திருக்கும். வேலைக்குத் திரும்பவேண்டிய நாளாக இருந்திருக்கும். நாள் சம்பளக்காரருக்கு ஒரு நாள் பிந்தினால் அந்த நாள் போனதுதான்.

அந்தக் கலா ஓயாத் தண்ணீர் எங்கே போகுது தெரியுமா? எங்கட பக்கம்தான். வில்பத்துவின் தெற்கு எல்லையால் ஓடிவந்து, கங்கைவாடிப் பக்கம் களப்புக்குள் விழுது. புயல் முடிந்து கடல் அடங்கினாலும் களப்பு அடங்கவில்லை. தண்ணீர் மண் நிறம். மரக்குற்றிகள் மிதந்துவந்து வலையைக் கிழிக்கும் என்று பயம். எச்சரிக்கையை எடுத்த பிறகும் மாமா தொழிலுக்குப் போகவில்லை. எல்லாமாகப் பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் என்ன செய்து சாப்பிட்டார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேணும். மீன் வாங்கிற முதலாளியிடம் ஒரு கொப்பி இருக்கு. தொழில் இல்லாத நாளில் அரிசி, மாவு, பால்மா எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறும். வட்டி கிடையாது. முதலாளி நல்ல மனுசன் என்றுதான் மாமியும் சொல்றா, நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் கொப்பியில் பெயர் இருக்கும்வரைக்கும் மீனை அவருக்கே கொடுக்கவேணும், அவர் சொல்ற விலைக்கு. சந்தையில் கிலோ ஒரு விலை போகும், கொப்பிக்காரருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான். அந்தக் "கொஞ்சம்"தான் வட்டி. ஆக, நவம்பரில் கரையில் இருந்த ஒரு நாளுக்கு மாமா ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிலோ கிலோவாகக் காசு கட்டுறார். அக்கா வீட்டில் இருந்த நாளுக்கு அவளுக்குக் காசு வந்தது. இவர் வீட்டில் இருந்த நாளுக்கு இவர் காசு கொடுக்கிறார்.

"அதுக்கு என்ன செய்றது, கடல் என்றால் அப்படித்தான்" என்று அப்பா சொன்னார். இல்லை, எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுற காலம். அதுக்கு அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபா நிவாரணம் கொடுக்குது. பங்கிட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 இந்திய ரூபா. அதை வைத்து யாரும் வீடு கட்டப்போறதில்லை. ஆனால் "கடலுக்குப் போகாதே" என்று சொல்றவர் அதுக்கு ஏதோ ஒரு விலையையும் கொடுக்கவேணும் என்ற எண்ணம் அங்கே நடைமுறையாகி இருக்கு. இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மீன் குஞ்சு பொரிக்க வீட்ல இருந்தா காசு. நாம சாகாம இருக்க வீட்ல இருந்தா ஒண்டுமில்ல."

அதே தமிழ்நாட்டில் 2024 ஒக்டோபர் 15 தொடக்கம் 18 வரைக்கும் கனமழை என்று ஐடி கம்பனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடவேணும் என்று அரசு கேட்டுக்கொண்டது. நல்ல விசயம். ஆனால் வீட்டில் இருந்த அந்த ஐடிக்காரருக்குப் பால் பக்கெட் கொண்டுவந்தவர் நனைந்துதான் வந்திருப்பார். ஒருவர் வீட்டில் இருக்கவேணும் என்றால் இன்னொருவர் ரோட்டில் இருக்கவேண்டியிருக்கு. அந்த ரெண்டாவது ஆளுக்கு எந்த அறிவித்தலும் வாறதில்லை.

மாமாவுக்கு எச்சரிக்கை அறிவித்தலில் நம்பிக்கை குறைவு. "பத்துத் தரம் சொல்வாங்க, எட்டுத் தரம் ஒண்டும் வராது" என்பார். முன்னம் நான் இதுக்கு அவரோடு சண்டை பிடிப்பேன். விஞ்ஞானம், சட்டலைட் என்று பெரிய விளக்கம் எல்லாம் கொடுப்பேன். இப்போது எனக்கு வேற விதமாகத் தோணுது. அறிவித்தல் பிழைத்தால் அறிவித்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த எட்டு நாளின் செலவும் இவர் கொப்பியில்தான் ஏறுது. எட்டு நாள் வீணாக இருந்து கடன்பட்டவர் ஒன்பதாவது நாள் காற்றைத் தானே பார்த்து முடிவு எடுப்பார். அதை மடத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எச்சரிக்கையோடு ஒரு நாள் கூலியும் சேர்ந்து வந்தால், அது அரைக் கூலியாக இருந்தாலும், அவர் போட்டைக் கட்டிவிட்டு நேரத்தோட கரையைக் கடப்பார். உயிரைக் காப்பாற்றுகிற செலவில் அதுவும் ஒன்று, மீட்புப் படகுக்கும் ஹெலிக்கும் செலவழிக்கிற மாதிரி.

யார் கொடுக்கிறது, எந்தத் திணைக்களம், போட் வைத்திருப்பவருக்கா பங்குக்குப் போறவருக்கா, மாமியின் கருவாட்டுக்கும் சேர்த்தா, தொழிலுக்கே போகாதவன் வந்து வரிசையில் நிற்க மாட்டானா, எல்லாம் சிக்கலான கேள்விதான். ஒபிஸ்காரருக்கு வீட்டிலிருந்து வேலை என்றபோதும் இதே மாதிரிச் சிக்கல் எல்லாம் இருந்தது. யார் வேலை செய்கிறார், யார் தூங்குகிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். பிறகு வழி கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் கண்டுபிடிக்கவேண்டி வந்தது.

போன கிழமை மாமியோடு ஃபோனில் கதைத்தேன். மீன் நல்லாப் படுதாம், வெயிலும் நல்ல வெயிலாம், முற்றம் நிறையக் கருவாடாம். கொப்பி எவ்வளவில் நிக்குது என்று கேட்டேன். "பாதி கழிஞ்சிட்டுது" என்றா. கச்சான் தொடங்க இன்னும் ரெண்டரை மாதம் இருக்கு.