அடுத்த பாடத்துக்கு எப்போது போகலாம்?

வீட்டிலேயே படிக்கும் மகளுக்குப் பின்னங்கள் தொடங்கியாச்சா என்று ஆவடியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வயதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. 2022-ல் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைத்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் நடத்துகிறது. அரசுப் பள்ளியிலேயே அப்படி என்பது எனக்குப் பெரிய தைரியம்.

வாய்ப்பாடு ஒப்பித்தால் போதாது. 84-ஐ 6-ஆல் வகுத்தால் 14 என்பவள், எப்படி என்றும் சொல்லணும்: அறுபதுக்குப் பத்து, மிச்சம் இருபத்துநாலுக்கு நாலு. சில நாள் விட்டுக் கேட்டாலும் அதே தெளிவு இருந்தால் நகரலாம். கூட்டலில் பறக்கிறாள், வகுத்தலில் நிதானம். இருக்கட்டும், இரண்டும் ஒரே வேகத்தில் போகவேண்டியதில்லை.

நேற்று அம்பத்தூர் மார்க்கெட்டில் கால் கிலோ பீன்ஸுக்கு விலையை அவளே சொன்னாள். திங்கள்கிழமை பின்னம் தொடங்குகிறோம்.