தொட்டி மண்வெட்டியான கதை

எங்கள் தமிழ்த்துறையில் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. பாராட்டைத் தமிழில் சொல்வோம். கண்டனத்தை ஆங்கிலத்தில் சொல்வோம். 'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்' என்பது அவ்வகையில் நான் மிகுதியும் கையாண்ட தொடர். மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்வது, அதாவது உள்ளதை உள்ளபடி உரைப்பது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று நம்மிடமே தொடர் இருக்க, கடுஞ்சொல்லை அயல்மொழியில் பொதிந்து கொடுத்தால் அடி நம் கையால் விழவில்லை என்றொரு நிம்மதி போலும்.

நேர்ப்பேச்சுக்கு ஆங்கிலத்தில் தொடர்கள் பல. கைச்சீட்டுகளை மேசைமேல் விரித்து வைப்பது சூதாட்டத்திலிருந்து வந்தது. தோளிலிருந்து நேராக விடுவது குத்துச்சண்டையிலிருந்து. சுற்றி வளைத்துப் பேசுவோர், பறவை வேட்டையில் புதரைச் சுற்றித் தட்டிக்கொண்டிருப்பவர்கள். இவற்றின் பின்கதை எளிது. மண்வெட்டியின் கதைதான் வேடிக்கையானது.

கி.மு. 348இல் ஒலிந்தஸ் நகரம் மக்கெதோனிய மன்னன் பிலிப்பிடம் வீழ்ந்தது. நகரைக் காட்டிக்கொடுத்தவர்களுள் லாஸ்தெனிஸ் ஒருவன். அவனைச் சார்ந்தோர், தங்களைத் துரோகிகள் என்று மன்னனின் ஆட்கள் ஏசுவதாக அவனிடமே முறையிட்டனர். மக்கெதோனியர் நாகரிகமற்ற முரடர்கள், தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள் என்று பிலிப் விடையிறுத்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். (துரோகத்தால் ஆதாயம் அடைந்தவனே அதற்குப் பெயரும் சூட்டுகிறான் என்பதைக் கவனிக்க.)

அங்கே இருந்தது 'ஸ்காஃபே' என்னும் கிரேக்கச் சொல். குடைந்தெடுத்த தொட்டி, கிண்ணம், சிறு படகு ஆகியவற்றைக் குறிப்பது. 16ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் எராஸ்மஸ் இதனை இலத்தீனில் பெயர்த்தபோது 'லிகோ' என்று எழுதினார். அது மண்ணைக் கொத்தும் கருவி. தோண்டும் கருவியைக் குறிக்கும், ஏறத்தாழ அதே ஒலியுடைய வேறொரு கிரேக்கச் சொல்லோடு அவர் மயங்கியிருக்கலாம் என்பர். 1542இல் நிக்கலஸ் யூடால் எராஸ்மஸை ஆங்கிலத்தில் தந்தபோது அது 'ஸ்பேட்' ஆயிற்று. அதுவும் நம் மண்வெட்டி அன்று. காலால் அழுத்தித் தோண்டுவது. ஆக, பொருளை அதன் பெயரால் அழைக்க வேண்டும் என்று முழங்கும் தொடரில், பொருளின் பெயரே தவறு. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அதையே நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி வருகிறார்கள். போதாக்குறைக்கு, 1920களில் அமெரிக்காவில் 'ஸ்பேட்' என்பது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லாகவும் ஆனது. தொடர் அதற்கு மிக முந்தியது. ஆயினும் இன்று அதைச் சொல்லத் தயங்குவோர் பலர்.

எராஸ்மஸின் பிழையை நான் படித்தறிந்தது என் பிழைக்குப் பிறகுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் குறுந்தொகை பற்றி ஒரு கட்டுரை தந்தார். நடை அவர் வயதை மீறியதாக எனக்குப் பட்டது. வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், மேற்படி ஆங்கிலத் தொடரை முன்னே நிறுத்திவிட்டு, "இது நீ எழுதியதில்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் அறைக்கு வந்து இரண்டு நோட்டுகளை மேசைமேல் வைத்தார். அதே கட்டுரை, நான்கு முறை எழுதப்பட்டு, அடித்தல் திருத்தல்களோடு இருந்தது.

"பாருங்க ஐயா" என்றார். அவ்வளவுதான்.

புரட்டிப் பார்த்தேன். பிறகு கால் மணி நேரம் பேசினேன். இப்போதெல்லாம் இணையத்திலிருந்து எடுத்தெழுதுவோர் மிகுதி என்றும், ஐயம் எழுந்தால் கேட்பது ஆசிரியனின் கடமை என்றும், சந்தேகப்படும்படி எழுதியதே ஒரு பாராட்டுதான் என்றும் சொன்னேன். முழுக்கத் தமிழில். 'தவறு என்னுடையது' என்ற இரண்டு சொற்களை மட்டும் மென்று விழுங்கிவிட்டேன். வகுப்பிலும் சொல்லவில்லை.

அவர் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆண்டு முழுவதும் அதன்பின் அவர் தந்த கட்டுரைகள் தேர்வுக் குறிப்பேடுகளின் நடையிலேயே இருந்தன. அவற்றை யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.